பழைய ஆங்கிலக் கண்ணாடிச் சரவிளக்கைப் பார்த்துப் பழகுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய சரவிளக்கு ஒன்றின் கீழே போய் நின்றால் எல்லோர் கண்ணும் முதலில் போவது தொங்கட்டான்களுக்குத்தான். பளபளப்பது அதுதானே. ஆனால் விளக்கின் வயதையும் தரத்தையும் தெரிந்துகொள்ள நினைப்பவர் அதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. தொங்கட்டான் கழலும், விழும், உடையும். இருநூறு வருஷத்தில் வேறு ஏதோ ஒரு விளக்கிலிருந்து எடுத்து மாட்டியிருப்பார்கள். நூறு வருஷம் கழித்து வந்த ஒருவர் இன்னும் கொஞ்சம் மினுமினுக்கட்டும் என்று கூடுதலாக நாலு சரம் தொங்கவிட்டிருப்பார். தண்டையும் கைகளையும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. விளக்கின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

ஏல நிறுவனத்தின் பட்டியலைப் புரட்டுபவர், பழைய பங்களாவில் தொங்குவதை விலை பேசப் போகிறவர், அருங்காட்சியகத்தில் அண்ணாந்து பார்ப்பவர் என யாராக இருந்தாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்.

தொடங்கும் முன்: கண்ணாடியில் ஈயம் சேர்ந்த கதை

இது தெரியாமல் மற்றது எதுவும் புரியாது. 1674-ல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற லண்டன் வணிகர், பாறைப் படிகத்தைப் போலத் தெளிவான ஒரு கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் வந்த சரக்கு சரியில்லை. கொஞ்ச காலத்திலேயே கண்ணாடிக்குள் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடி மங்கிப்போயிற்று. கலவையில் ஈய ஆக்ஸைடின் அளவைக் கூட்டிய பிறகு அந்தத் தொல்லை அடங்கியது. இனி நம்பி வாங்கலாம் என்று காட்டுவதற்காக 1677-ல் அண்டங்காக்கைத் தலை முத்திரையைப் பாத்திரங்களில் பதிக்க ஆரம்பித்தார். அவர் பெயரிலேயே அந்தக் காக்கை இருக்கிறது.

ஈயம் சேர்ந்த கண்ணாடிக்குச் சில குணங்கள் உண்டு. கனமாக இருக்கும். ஒளியை அதிகமாக வளைக்கும். உருகிய நிலையில் சீக்கிரம் இறுகாது. ஆறிய பின் சாணைக்கு மென்மையாக இருக்கும், அதனால் பட்டை தீட்ட வாகானது. வெனிஸ்காரர்களின் சோடாக் கண்ணாடி இதற்கு நேர் எதிர். அது சட்டென்று இறுகிவிடும், மெல்லியதாக ஊதலாம், சூட்டோடு சூடாகக் கிள்ளி இழுத்துப் பூவும் இலையும் செய்யலாம். வெனிஸை ஒட்டிய முரானோ தீவின் விளக்கு பூங்கொத்தாகவும் ஆங்கில விளக்கு பட்டை தீட்டிய கல்லாகவும் நிற்பதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, உலையில் போட்ட சரக்கும்தான்.

படி 1: தள்ளி நின்று மொத்த உருவத்தைப் பாருங்கள்

பக்கத்தில் போக வேண்டாம். அறையின் மறுகோடியில் நின்று, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, வெறும் நிழலுருவமாகப் பாருங்கள்.

நடுவில் உருண்டை உருண்டையாகக் கோத்த தண்டு, அதிலிருந்து வளைந்து வரும் சாதாரணக் கைகள், தொங்கட்டான் எதுவும் இல்லை என்றால், அது மிகப் பழைய வகை. அல்லது அதைப் பார்த்துச் செய்தது. ஜான் கம்லி என்ற லண்டன் கண்ணாடி வியாபாரி 1714-ல் கொடுத்த விளம்பரத்திலேயே கண்ணாடிச் சரவிளக்கு வருகிறது. அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது டச்சுப் பித்தளை விளக்கை. பெரிய உருண்டை, அதைச் சுற்றி வளைந்த கைகள் என்ற அதே அமைப்பைக் கண்ணாடியில் செய்து பார்த்தார்கள். கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரித் தேவாலயத்தில் 1732-ல் நன்கொடையாக வந்த விளக்கு இந்தத் தலைமுறையைச் சேர்ந்தது.

உருண்டைகள் மேலும் கைகள் மேலும் பட்டை ஏறி, உச்சியில் குடை போன்ற ஒரு பகுதி வந்து, அங்கங்கே சில தொங்கட்டான்கள் எட்டிப்பார்த்தால் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டீர்கள். இடையில் ஒரு வரி வேறு புகுந்தது. 1745-ல் சட்டமாகி மறு வருஷம் நடைமுறைக்கு வந்த கண்ணாடி வரி எடைக்கணக்கில் போடப்பட்டது, மூலப்பொருளில் ராத்தலுக்கு ஒரு பென்னி. 1777-ல் அது இரட்டிப்பானது. கனத்துக்குக் காசு என்றால் தடித்த கண்ணாடியில் ஆழமாக வெட்டிப் பாதியைத் தூளாக்க யாருக்கு மனசு வரும்? அக்காலத்துப் பட்டைகள் தட்டையாகவும் ஆழம் குறைந்தும் இருப்பதில் இந்த வரிக்குப் பங்கு உண்டு. 1780-ல் அயர்லாந்துக்குத் தடையில்லா வர்த்தகம் கிடைத்தது, அங்கே இந்த வரி கிடையாது. 1783-ல் வாட்டர்ஃபோர்டில் பென்ரோஸ் குடும்பத்தார் தொழிற்சாலை தொடங்கிய சூழல் இதுதான். வரி முழுசாக நீங்கியது 1845-ல்.

மூன்றாவது உருவம் 1770-களிலிருந்து வருவது. தண்டின் நடுவில் உருண்டைக்குப் பதிலாகக் கலசம் போன்ற ஒரு பகுதி. கைகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் கூர்முடிகள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தோரணமாகத் தொய்ந்து போகும் மணிச்சரங்கள். கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் பாணி ஊரெங்கும் பரவியிருந்த காலம் அது. என் கண்ணுக்கு ஆங்கில விளக்கு மிக அழகாக இருந்தது இந்த இருபது முப்பது வருஷத்தில்தான். கண்ணாடிக்கு இடையே காற்று இருக்கும், எது எதைத் தாங்குகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும்.

நான்காவது உருவத்தில் தண்டே கண்ணுக்குத் தெரியாது. 1800-ஐ ஒட்டி வந்த பாணி இது. மேலே கூடாரம் போல் சரிந்து இறங்கும் மணிச்சரங்கள் ஓர் உலோக வளையத்தில் வந்து சேரும், வளையத்திலிருந்து கீழே பை போலத் தொங்கும். சிலவற்றில் பைக்குப் பதிலாக அடுக்கடுக்கான வளையங்களில் நீண்ட தொங்கட்டான்கள் அருவி போல விழும். வளையம் உலோகம் என்பதால் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் செய்யலாம். தண்ணீராகக் காசு செலவழித்த அன்றைய வேல்ஸ் இளவரசருக்கு (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்) இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

விக்டோரியா காலத்தில் எல்லாமே கனம். தடித்த கை, ஆழமான பட்டை, நீளமான முப்பட்டைத் தொங்கட்டான். 1807-ல் தொடங்கிய பர்மிங்ஹாம் ஆஸ்லர் நிறுவனம் இந்தக் காலத்தின் பெரிய பெயர். 1851 லண்டன் கண்காட்சிக்கு அவர்கள் செய்த கண்ணாடி நீரூற்று 27 அடி உயரம், 4 டன் எடை. 1936-ல் கிரிஸ்டல் பேலஸ் எரிந்தபோது அதுவும் போயிற்று. ஆஸ்லருக்கு 1840-களிலேயே கல்கத்தாவில் கடை இருந்தது. நம் நாட்டு அரண்மனைகளில் ஆங்கில விளக்கு என்றால் பெரும்பாலும் இவர்கள் பெயர் அடிபடுவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆடம் பாணி விளக்குகளை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ன் தொடக்கத்திலும் மறுபடி நிறையச் செய்தார்கள். மொத்த உருவம் சொல்வது பாணியை மட்டும்தான். வயதைச் சொல்ல மற்ற படிகள் வேண்டும்.

படி 2: தண்டைப் பாருங்கள்

தண்டு என்று நாம் பார்க்கும் கண்ணாடி எதையும் தாங்குவதில்லை. உள்ளே ஓர் இரும்புக் கம்பி மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. இரு பக்கமும் துளையுள்ள உருண்டைகள், கலசங்கள், குழல்கள் அந்தக் கம்பியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. கம்பி கறுப்பாகத் தெரிந்து அழகைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக அதன்மேல் வெள்ளிப் பூச்சுக் குழாய் ஒன்றைப் போர்த்துவது வழக்கம். கண்ணாடிக்குள் பார்த்தால் அந்த வெள்ளிதான் ஒளியைத் திருப்பி அனுப்பும்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, துண்டுகளின் பட்டை ஒரே குடும்பமாக இருக்கிறதா? மேல் உருண்டையில் தட்டையான சாய்சதுரங்களும் கீழ் உருண்டையில் ஆழமான கட்டங்களும் இருந்தால் இரண்டில் ஒன்று வந்தேறி. இரண்டாவது, அளவு. உடைந்த துண்டுக்குப் பதில் வைத்தது சற்றுப் பெருத்தோ சிறுத்தோ இருக்கும், தண்டின் ஏற்ற இறக்கம் அந்த இடத்தில் தட்டும். நல்ல விளக்கில் கண் மேலிருந்து கீழே தடங்கல் இல்லாமல் இறங்கி அடிக்குமிழில் வந்து நிற்கும்.

படி 3: கைகளில் நேரம் செலவிடுங்கள்

மொத்தம் ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால் அதில் அரை மணியை இங்கே போடுங்கள்.

இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவின் விளக்குகளில், குறிப்பாக ஆஸ்திரிய அரசி மரியா தெரசா பெயரில் விற்கும் வகையில், இரும்புச் சட்டம் சுமையைத் தாங்கும், அதன்மேல் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டிப் போர்த்தியிருக்கும். ஆங்கில விளக்கில் கண்ணாடிக் கையே சுமையைத் தாங்குகிறது. உள்ளே கம்பி இல்லை. விரல் தடிமனுள்ள கண்ணாடித் தண்டு ஒன்று நடுவிலிருந்து புறப்பட்டு, தொய்ந்து இறங்கி, மறுபடி நிமிர்ந்து, முனையில் தட்டையும் மெழுகுவர்த்தியையும் ஏந்தி நிற்கிறது. வேறெங்கும் பிடி கிடையாது. ஆங்கிலக் கைவினைஞரின் துணிச்சல் இதில்தான் தெரிகிறது.

அதை எப்படிச் செய்தார்கள்? இரும்புக் கோலின் முனையில் ஈயக் கண்ணாடிக் குழம்பைத் திரட்டி எடுப்பார்கள். சமதளத்தில் உருட்டிச் சீராக்குவார்கள். எதிர்முனையை உதவியாள் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க நடக்க அது நீண்டு கோலாகும். நடக்கும்போதே முறுக்கினால் கயிறு போன்ற புரி விழும். இறுகுவதற்குள் மாதிரி வடிவத்தின்மேல் படியவைத்து வளைப்பார்கள். ஈயக் கண்ணாடி மெதுவாக இறுகும் என்றேனே, அந்த அவகாசம் இங்கேதான் கைகொடுக்கிறது. அப்புறம் ஆற்றும் உலையில் மெல்ல ஆறவிட்டால்தான் உள்ளே இறுக்கம் தங்காது. அவசரப்பட்டு ஆறவிட்ட கை என்றைக்காவது ஒருநாள், யாரும் தொடாமலே, பட்டென்று விடும்.

பன்னிரண்டு கை விளக்கு என்றால் இதைப் பன்னிரண்டு முறை, ஒரே வளைவில் செய்ய வேண்டும். முழுக்க ஒரே மாதிரி வராது. பழைய விளக்கைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு கை நெல்லளவு உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பது தெரியும். அது குறையில்லை. எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து, கை தண்டோடு சேரும் இடம். கையின் அடிமுனைக்கு ஒரு பித்தளைக் குப்பி மாட்டியிருக்கும். கண்ணாடிக்கும் பித்தளைக்கும் நடுவே பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) நிரப்பியிருக்கும். உலோகமும் கண்ணாடியும் சூட்டில் வேறு வேறு அளவில் விரியும், நேராகத் தொட்டால் கண்ணாடிதான் தோற்கும். குப்பியின் அடியில் சதுர முளை. தண்டின் நடுவில் இருக்கும் உலோகத் தாங்குதட்டில் அதற்கேற்ற சதுரத் துளைகள். முளை சதுரமாக இருப்பதால் கை திரும்பாது. தட்டை மறைக்க ஒரு கண்ணாடிக் கிண்ணம்.

ஏணி கிடைத்தால் ஏறி இந்தத் தட்டை மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் அரத்தால் கீறிய கோடுகளோ குத்திய புள்ளிகளோ இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. அதே குறி கையின் பித்தளைக் குப்பியிலும் இருக்கும். மூன்று கீறல் போட்ட கை மூன்று கீறல் போட்ட துளைக்குத்தான் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் அந்தந்தத் துளைக்கே அராவிப் பொருத்தியிருக்கிறார்கள். எல்லாக் குறிகளும் ஜோடி சேர்ந்தால் அந்தக் கைகள் பிறந்த இடத்திலேயே இருக்கின்றன. குறி இல்லாத கை, இரண்டு முறை வரும் எண், தட்டில் இருந்து கையில் இல்லாத எண் இவையெல்லாம் பழுதுபார்ப்பின் தடயங்கள். சில தட்டுகளில் செய்தவர் பெயரும் பொறித்திருக்கும். அது கிடைத்தால் யோகம்.

கை முறிவது பெரும்பாலும் இந்த வேர்ப்பகுதியில்தான். தாங்கும்போது கையின் மேற்புறம் இழுபடுகிறது, அடிப்புறம் அமுக்கப்படுகிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வேரின் மேற்புறத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் விரிசல் அங்கிருந்து கிளம்பும். டார்ச்சைச் சாய்வாக அடித்து அந்த ஒரு அங்குலத்தை உற்றுப் பாருங்கள். பசை போட்டு ஒட்டிய கை என்றால் உள்ளே மங்கலான ஒரு தளம் குறுக்கே தெரியும். அருங்காட்சியகப் பெட்டிக்குள் இருக்கலாம், தலைக்கு மேல் தொங்கக் கூடாது.

இங்கிலாந்தின் பாத் நகரத்து ஆட்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். 1771-ல் அங்கே திறந்த அசெம்பிளி ரூம்ஸ் நடன மண்டபத்துக்கு ஜொனாதன் காலெட் என்பவர் ஐந்து சரவிளக்குகள் செய்து தந்திருந்தார். திறந்து கொஞ்ச நாளிலேயே நடனம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கை கழன்று விழுந்தது. ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ மயிரிழையில் தப்பினார். காலெட்டின் விளக்குகளை இறக்கிவிட்டு, பக்கத்துத் தேநீர் மண்டபத்துக்கு விளக்கு செய்திருந்த லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட் வில்லியம் பார்க்கரிடம் புதிதாக வாங்கினார்கள். ஒவ்வொன்றிலும் 40 மெழுகுவர்த்தி. காலெட்டும் சளைக்கவில்லை. கழித்துப் போட்டவற்றின் பகுதிகளைக் கொண்டு அவர் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய விளக்கு அதே கட்டடத்தின் எண்கோண அறையில் தொங்கியது. 1942-ல் குண்டு விழுந்து கட்டடம் எரிந்தபோது விளக்குகள் முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தப்பட்டிருந்ததால் பிழைத்தன. கலசத் தண்டும் பட்டைக் கைகளும் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழக்க இவற்றைவிட நல்ல பாடம் இல்லை. படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 4: மெழுகுத் தட்டும் குப்பியும்

கையின் முனையில் உருகிய மெழுகைப் பிடிக்கும் தட்டு, அதன்மேல் மெழுகுவர்த்தி நிற்கும் குப்பி. இவைதான் தொங்கட்டானுக்கு அடுத்தபடி அதிகம் மாற்றப்படுபவை. ஆடம் காலத்தவற்றில் தட்டின் விளிம்பு கூர்கூராகப் பல் வெட்டியிருக்கும், குப்பியிலும் அதே பல். எல்லாத் தட்டையும் ஒருமுறை எண்ணி, பற்களின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

படி 5: கண்ணாடியையே சோதியுங்கள்

ஈயக் கண்ணாடியா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு வழி உண்டு. கழற்றக்கூடிய தொங்கட்டான் ஒன்றை எடுத்து, கம்பியை நீக்கிவிட்டு, சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். 62 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வாருங்கள். தொங்கட்டானை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் பிடியுங்கள். தராசு 20 கிராம் காட்டினால் 62-ஐ 20-ஆல் வகுக்க 3.1. பழைய ஆங்கில ஈயக் கண்ணாடி 3-ஐ ஒட்டித்தான் வரும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வகை 2.5-ல் நிற்கும். துண்டு சின்னதாக இருந்தால் நாலைந்தைச் சேர்த்துக் கட்டிப் போடுங்கள், பிழை குறையும்.

புற ஊதா விளக்கும் உதவும். இருட்டறையில் அடித்தால் ஈயக் கண்ணாடி நீலச் சாயலில் ஒளிரும், சோடாக் கண்ணாடி பெரும்பாலும் பச்சை மஞ்சள் பக்கம் போகும். முழு விளக்கின்மேல் ஒரே நேரத்தில் அடித்துப் பார்த்தால் மாற்றுத் துண்டுகள் தாங்களாகவே தனித்துத் தெரியும். எனக்குப் பிடித்த சோதனை இது, ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, பழைய ஆங்கிலக் கண்ணாடியில் லேசான சாம்பல் சாயல் இருக்கும், குறிப்பாகத் தடித்த இடங்களில். நீலம் தெரிந்தால் வாட்டர்ஃபோர்ட் என்று சொல்லும் வியாபாரியைக் கண்டால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். அது வெறும் கட்டுக்கதை. ஈயம் இருந்தால் ஆங்கிலம் என்றும் சொல்ல முடியாது. பிரான்ஸில் பக்கரா என்ற கண்ணாடி நிறுவனமும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஈயப் படிகம் செய்தது. கண்ணாடி என்னவென்று சோதனை சொல்லும், யாருடையது என்பதைக் கையும் தாங்குதட்டும்தான் சொல்ல வேண்டும்.

படி 6: பட்டையை விரலால் படியுங்கள்

பட்டை தீட்டுவதில் மூன்று கட்டம். முதலில் இரும்புச் சக்கரம். அதன்மேல் மணலும் தண்ணீரும் சொட்டிக்கொண்டே இருக்கும், அந்த மணல்தான் கண்ணாடியைத் தின்னும். அடுத்து மணற்கல் சக்கரம், தண்ணீர் மட்டும், முரட்டுத்தனத்தை நீக்க. கடைசியாக மரச் சக்கரத்தில் நுரைக்கல் தூளும் வெள்ளீய ஆக்ஸைடுத் தூளும் போட்டு மெருகு. தீட்டுபவர் கண்ணாடியைச் சக்கரத்தின் மேல் அமுக்கிப் பிடித்து, கண்ணாடிக்குள் ஊடுருவிப் பார்த்தபடியே வெட்டுகிறார். அடியில் என்ன நடக்கிறது என்பதை மணற்சேற்றின் நடுவே ஊகிக்க வேண்டியதுதான். 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் நீராவி இயந்திரம் சக்கரத்தைச் சுழற்ற வந்த பிறகு ஆழமான பட்டைகள் சுலபமாயின.

விரல் நுனியை விளிம்பில் மெல்ல ஓட்டுங்கள். கையால் தீட்டி மரத்தில் மெருகேற்றியது கூராகப் பிடிக்கும். அமிலத்தில் முக்கி மெருகேற்றும் முறை பின்னால் வந்தது, அதில் விளிம்புகள் கரைந்து வழவழவென்று இருக்கும். அச்சில் அழுத்தியது இன்னும் மழுங்கல். பிறகு ஒரு லென்ஸை வைத்து, பல கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும் நட்சத்திரம் ஏதாவது இருந்தால் அதன் மையத்தைப் பாருங்கள். பழையதில் எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் சேராது. ஒன்று கொஞ்சம் தாண்டியிருக்கும், ஒன்று எட்டாமல் நிற்கும்.

படி 7: இப்போது தொங்கட்டான்கள்

இவ்வளவும் முடிந்தபின் இதற்கு ஐந்து நிமிடம் போதும். பேரிக்காய் வடிவம் ஆடம் காலத்துக்குப் பொருந்தும். நீண்ட முப்பட்டைத் தொங்கட்டான் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் பெயரால் வழங்குவது, 19-ஆம் நூற்றாண்டு. இரண்டும் ஒரே விளக்கில் இருந்தால் யாரோ அலங்காரம் செய்திருக்கிறார்கள்.

கோக்கும் கம்பியையும் பாருங்கள். கையால் வளைத்து முடிந்த மெல்லிய கம்பி பழையது, வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை எட்டிப் பார்க்கும். பட்டாம்பூச்சி போல் இரண்டு சிறகு வைத்து அழுத்தும் கிளிப் பிற்காலத்துச் சரக்கு. கம்பி மட்டும் புதிது, கண்ணாடி பழையது என்றும் இருக்கலாம். கடலோர ஊர்களில் கம்பிதான் முதலில் அரித்துப் போகும் என்பதால் அதை மாற்றியதற்காக விலையை அடிக்க வேண்டாம்.

படி 8: வாயுவும் மின்சாரமும் செய்த மாற்றங்கள்

கை கெட்டியாக இருந்தால் அது மெழுகுவர்த்திக்குப் பிறந்தது. வாயு விளக்காகவே செய்யப்பட்டவற்றில் கைகள் உட்குழலாக இருக்கும், வாயு போக வழி வேண்டுமே. மின்சாரம் வந்தபோது கெட்டிக் கை விளக்கு வைத்திருந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்தார்கள். கையோடு ஒட்டி வயரைக் கட்டி இழுத்தார்கள், அல்லது கண்ணாடியில் துளை போட்டார்கள். முதலாவது பார்க்கச் சுமார், ஆனால் நாளைக்கே கழற்றிவிடலாம். துளை போட்டது போட்டதுதான். கை பலவீனமாகும், விலையும் இறங்கும். மெழுகுத் தட்டின் நடுவிலும் குப்பியின் அடியிலும் துளை இருக்கிறதா என்று பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்று மின்சாரமாக்க வேண்டும் என்றால் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும் மெல்லிய வயரைக் கைமேல் சுற்றி ஓட்டச் சொல்லுங்கள். துளைக்கருவியோடு வரும் எலக்ட்ரீஷியனுக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாம்.

படி 9: இறக்குவது, துடைப்பது, மாட்டுவது

தொடும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு சரமும் எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்குப் போகிறது என்று தெரியும்படி.

கழற்றும் வரிசை: முதலில் தொங்கட்டான்களும் சரங்களும், பிறகு தட்டு, குப்பி, கடைசியில் கைகள். கைகளை எதிரெதிர் ஜோடியாக எடுங்கள். ஒரு பக்கத்துக் கைகளை மட்டும் வரிசையாக எடுத்துக்கொண்டே போனால் விளக்கு சாய்ந்துவிடும், எஞ்சிய கைகளின் வேரில் பாரம் கோணலாக விழும். எடுத்ததும் அதன் கீறல் எண்ணைச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். மாட்டும்போதும் இதே ஜோடிக் கணக்குத்தான்.

துடைக்க, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு மிதமான சோப்புத் திரவம் போதும். பித்தளைக் குப்பி உள்ள கையைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் சாந்து இளகிவிடும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணி. கம்பிகளோடு கூடிய சரங்களையும் நனைக்க வேண்டாம். கடையில் விற்கும் அம்மோனியா ஸ்ப்ரேயைத் தொங்கிக்கொண்டிருக்கும் விளக்கின்மேல் அடிப்பது பித்தளைக்கும் பூச்சுக்கும் கேடு. இறக்காமல் துடைக்கிறீர்கள் என்றால் ஏணியை நகர்த்திக்கொண்டு நீங்கள்தான் விளக்கைச் சுற்றி வர வேண்டும். விளக்கைத் திருப்பாதீர்கள். நடுக்கம்பியின் மரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும், எத்தனை சுற்றில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாட்டும் இடத்துக்கு வருவோம். பிரைட்டன் அரண்மனை விருந்து மண்டபத்தில் டிராகன் ஒன்று கால் நகங்களால் பற்றியிருக்கும் விளக்கு 30 அடி உயரம், ஒரு டன் எடை. அது விழுந்துவிடுமோ என்று ராணி அடிலெய்டு பயந்ததால் கொஞ்ச காலம் அதைக் கழற்றியே வைத்திருந்தார்கள். நம் வீட்டு விளக்கு அவ்வளவு இருக்காது என்றாலும் ராணியின் பயம் நியாயமானதுதான். ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள், அது வேறு எடைக்கும் வேறு வேலைக்கும் போட்டது. விளக்கின் மொத்த எடையைத் தொங்கட்டான் உள்பட போட்டுப் பார்த்து, கட்டடப் பொறியாளரிடம் காட்டி, உத்தரத்தையோ கான்கிரீட்டையோ ஊடுருவிப் பிடிக்கும் போல்ட் போடச் சொல்லுங்கள். முக்கியச் சங்கிலி விட்டால் பிடித்துக்கொள்ள இரண்டாவது எஃகுக் கயிறு ஒன்று தளர்வாக இருக்கட்டும். அதே அறையில் சீலிங் ஃபேன் ஓடினால் காற்றில் சரங்கள் ஆடி ஒன்றோடொன்று உரசும், வருஷக்கணக்கில் அது துளைகளின் ஓரத்தைத் தின்றுவிடும். ஃபேனைச் சுவருக்கு மாற்றுங்கள், அல்லது விளக்கை மாடிப்படிக் கூடத்துக்குக் கொண்டு போங்கள்.